கம்பத்துப் பந்தலும் ஸ்காட்லாந்துக் கடலும்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கம் எந்த மருந்துக் கடைக்குப் போய் "புழுவுக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே" என்று கேட்டாலும், கடைக்காரர் எடுத்து வைக்கிற பொட்டலங்களில் எமாமெக்டின் பென்சோயேட் கட்டாயம் ஒன்றாக இருக்கும். வெளிர் நிறத்தில் சின்னச் சின்னக் குருணை. தண்ணீரில் போட்டால் சட்டென்று கரைந்துவிடும். மக்காச்சோளப் படைப்புழுவுக்கு 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம் போதும். அந்த 4 கிராமிலும் மூல மருந்து 5 சதவீதம்தான். மற்றதெல்லாம் கரைய வைப்பதற்கான சேர்மானம். வெண்டைக்கும் கத்தரிக்கும் காய்ப்புழுவுக்கு, முட்டைக்கோசுக்கு இலைப்புழுவுக்கு, மிளகாய்க்கும் திராட்சைக்கும் இலைப்பேனுக்கு என்று அடிக்காத பயிர் குறைவு.

இதே மருந்தை ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் சிலியிலும் மீன் தீவனத்தில் கலந்து கடலுக்குள் போடுகிறார்கள். அங்கே இது சால்மன் மீனின் மேல் ஒட்டும் பேனைக் கொல்லும் மருந்து. ஸ்காட்லாந்தில் இதைப் பயன்படுத்த வேண்டுமானால் கடலடி மண்ணுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரே பொருள் இவ்வளவு தூரம் எப்படிப் போனது, போன இடத்தில் அதை எப்படி நடத்தினார்கள் என்பது கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

கதை தொடங்குவது ஜப்பானில், ஒரு கோல்ஃப் மைதானத்தின் ஓரத்தில். டோக்கியோவில் உள்ள கிட்டாசாட்டோ நிறுவனத்தின் ஆய்வாளர் சதோஷி ஓமுரா, போகிற இடமெல்லாம் மண் அள்ளுகிறவர். அதற்காகவே பணப்பையில் எப்போதும் பிளாஸ்டிக் உறை வைத்திருப்பார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று சமாளிக்க விதவிதமான வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் மனிதனுக்கு உதவுவது எது என்று தேடுவதுதான் அவர் வேலை. 1970களின் நடுவில் ஷிசுவோகா மாநிலத்தின் இட்டோ நகருக்கு அருகே, கவானா என்ற இடத்தில் எடுத்த ஒரு பிடி மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தார். அது அமெரிக்காவின் நியூஜெர்சியில் உள்ள மெர்க் நிறுவன ஆய்வகத்துக்குப் போனது.

அங்கே வில்லியம் கேம்பெல் இருந்தார். அயர்லாந்தின் டொனகல் பகுதியில், ராமெல்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஒட்டுண்ணிப் புழுக்களை ஆராய்பவர். வயிற்றில் புழு உள்ள எலிகளுக்கு ஜப்பானிலிருந்து வந்த வளர்ப்பைக் கொடுத்தபோது புழுக்கள் செத்தன, எலிகள் பிழைத்தன. அந்தச் சரக்குக்கு அவெர்மெக்டின் என்று பெயர் வைத்தார்கள். இதில் என்னை வியக்க வைப்பது ஒன்றுதான்: அதன் பிறகு உலகமெங்கும் மண்ணை அள்ளித் தேடியும், இந்த மருந்தைச் சுரக்கும் அந்த நுண்ணுயிர் வேறு எங்கும் அகப்படவில்லை. உலகத்தில் புழங்கும் அவெர்மெக்டின் வகை மருந்து அத்தனைக்கும் மூலம் கவானாவின் அந்த ஒரு பிடி மண்.

அது வேலை செய்யும் விதத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது. புழு, பூச்சி, நண்டு, இறால் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களின் நரம்பிலும் தசையிலும் ஒரு வகைக் குளோரைடு வாயில் இருக்கிறது. மருந்து அதைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. குளோரைடு உள்ளே பாய்கிறது, தசை செயலிழக்கிறது, உயிர் தின்ன முடியாமல் செத்துப்போகிறது. நமக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் அந்த வாயில் இல்லை. ஆனால் எங்கே தெளித்தாலும் போட்டாலும் இந்த மருந்து புழுவையும் பேனையும் மட்டும் தேடிப் போவதில்லை. அந்த வாயில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லாரையும் தொடும்.

முதலில் கால்நடைக்கு வந்தது. அவெர்மெக்டினைச் சற்று மாற்றிச் செய்த ஐவர்மெக்டின் 1981இல் விற்பனைக்கு வந்தது. தேனியின் மலைமாட்டுக்காரர்களும் வெள்ளாடு வளர்ப்பவர்களும் இன்று குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் போடும் ஊசி அதுதான். மனிதருக்கும் அது உதவும் என்று தெரிந்தபோது, ஆப்பிரிக்காவின் ஆற்றோரங்களில் லட்சக்கணக்கானோரின் பார்வையைப் பறித்த புழு நோய்க்கு அதை இலவசமாகவே தருவதாக மெர்க் 1987இல் அறிவித்தது. 2015இல் ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் நம்மூர் மருந்தகங்களில் பெயர் அடிபட்ட மருந்தும் இதே ஐவர்மெக்டின்தான்.

அதே குடும்பத்தின் இன்னொரு பிள்ளை வயலுக்குப் போனது. அபாமெக்டின் செம்பேனையும் சிலந்திப்பேனையும் நன்றாகக் கொன்றது; ஆனால் இலை தின்னும் பெரிய புழுக்களிடம் அவ்வளவாக எடுபடவில்லை. மெர்க் வேதியியலாளர்கள் மூலக்கூற்றின் ஓர் ஓரத்தை மட்டும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான வடிவங்களைச் செய்து பார்த்தார்கள். 1984இல் தேறியது எமாமெக்டின். சில புழு இனங்களிடம் அதன் வீரியம் அபாமெக்டினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். பிறகு 1997இல் மெர்க் தன் பயிர் மருந்துத் தொழிலை நோவார்ட்டிசுக்கு விற்றுவிட்டது. 2000இல் நோவார்ட்டிசும் அஸ்ட்ராசெனெக்காவும் தத்தம் வேளாண் பிரிவுகளைப் பிரித்து ஒன்றாக்கியபோது பிறந்ததுதான் சின்ஜென்டா. இப்படி மருந்து கண்டுபிடித்தவர் கையை விட்டுப் போனது. ஆனால் ஒரு வழியாகத் திரும்பியும் வந்தது. அது கடல் வழி.

நார்வேயில் ஹிட்ரா என்ற தீவில் 1970 வாக்கில் கடலில் கூண்டு இறக்கி சால்மன் வளர்க்கத் தொடங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் ஸ்காட்லாந்திலும் தொடங்கியது. காட்டுச் சால்மன் மேல் ஒன்றிரண்டு ஒட்டியிருந்த கடல் பேன், ஆயிரக்கணக்கான மீன்கள் நெருக்கியடித்து நீந்தும் கூண்டைக் கண்டதும் பெருகியது. மீனின் தோலையும் சளியையும் தின்று புண்ணாக்கும் அந்தப் பேன் உண்மையில் பூச்சியே இல்லை; இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. பண்ணைக்காரர்கள் தொடக்கத்தில் கையில் எடுத்த மருந்துகளில் ஒன்று எது தெரியுமா? நுவான். நம்மூர்க் கடைகளில் நாற்பது ஐம்பது ஆண்டுகள் விற்ற அதே டைகுளோர்வாஸ். அங்கே கடற்குடாக்களில் கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, தண்ணீரில் அதை ஊற்றி மீனைக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டி முடித்ததும் தார்ப்பாயை அவிழ்த்தால் மருந்துத் தண்ணீர் கடலில். இந்தியா டைகுளோர்வாசை 2018இல் பிறப்பித்த ஆணையின்படி 2020 முடிவோடு நிறுத்தியது.

அடுத்தது ஐவர்மெக்டின். 1980களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் இந்தக் கால்நடை மருந்தை மீன் தீவனத்தில் கலந்து சோதித்தார்கள். கேம்பெல் எலிக்குக் கொடுத்துப் பார்த்தது அவர் பிறந்த நாட்டுக் கடலுக்கே வந்து சேர்ந்தது. ஆனால் மீனுக்கு அந்தக் குளோரைடு வாயில் இல்லாவிட்டாலும், ஐவர்மெக்டின் அளவு கொஞ்சம் கூடினாலும் மீனையே சாய்த்துவிடும். அந்த இடத்தை நிரப்பியது எமாமெக்டின். ஷெரிங்-ப்ளவ் நிறுவனம் 'ஸ்லைஸ்' என்ற பெயரில் அதைத் தீவன மருந்தாகக் கொண்டுவந்தது. 2000 வாக்கில் நார்வே, ஸ்காட்லாந்து, சிலி எங்கும் பரவியது. 2009இல் அந்த ஷெரிங்-ப்ளவ்வை மெர்க் தன்னோடு இணைத்துக்கொண்டது. பயிர் மருந்தாக விற்றுப்போன சரக்கு மீன் மருந்தாகத் தாய்வீட்டுக்கு வந்தது.

கடலில் அதன் கணக்கு இப்படி. ஒரு கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம், 7 நாள். மீன் தின்றதில் ஒரு பகுதி கழிவாக வெளியேறும், தின்னாத தீவனம் நேராக அடியில் இறங்கும். வெயில் படும் இலையில் வேகமாகச் சிதைந்துவிடும் இதே மருந்து, இருட்டான கடலடிச் சேற்றில் மாதக்கணக்கில் தங்கும். மண் துகளோடு இறுகப் பற்றிக்கொள்வது அதன் குணம். 2002இல் கனடா ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: எமாமெக்டின் உண்ட சிங்கி இறால்கள் காலம் வருமுன்பே ஓடு கழற்றின. முட்டை சுமக்கும் பெண் இறால் ஓட்டைக் கழற்றினால் முட்டையும் ஓட்டோடு போகும். கூண்டுக்குள் பேனுக்கு வைத்த மருந்து, கூண்டுக்கு வெளியே மீனவர் பிழைப்பைத் தொடக்கூடும் என்று அப்போது புரிந்தது.

ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் அமைந்தது. அங்கே கூண்டுப் பண்ணை என்பது ஆலையின் கழிவுக் குழாய் போலவே சட்டத்தின் கண்ணில் படுகிறது: கடலில் எதை விட்டாலும் உரிமம் வேண்டும். அந்த இடத்தின் நீரோட்டத்தை அளந்து, மருந்து எங்கே எவ்வளவு படியும் என்று கணினியில் கணக்கிட்டு, அதற்கேற்ப ஒரு பண்ணைக்கு இவ்வளவுதான் மருந்து என்று வரம்பு வைக்கிறார்கள். பிறகு கூண்டின் அடியிலிருந்து சேற்றை அள்ளி ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். வரம்பு எழுதப்படும் அலகு நானோகிராம், அதாவது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அண்மை ஆண்டுகளில் அந்த வரம்பை மேலும் இறுக்கினார்கள். பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள், கடற்கரை ஊரார் இது போதாது என்றார்கள். விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

கண்காணிப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கனடாவின் ஃபண்டி வளைகுடா காட்டியது. 2009 கடைசியில் அங்கே சிங்கி இறால்கள் செத்து வந்தன. சோதித்தபோது அவற்றில் இருந்தது சைபர்மெத்ரின். நம் பருத்திக்காட்டில் பல ஆண்டுகள் அடித்த மருந்துதான். கனடாவில் கடலில் விட அனுமதி இல்லாதது. கெல்லி கோவ் சால்மன் என்ற நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2013இல் 5 லட்சம் கனடிய டாலர் கட்ட உத்தரவானது.

இதற்கிடையில் பேன் எமாமெக்டினுக்குப் பழகிவிட்டது. 2000களின் நடுவில் சிலியிலும், பிறகு மற்ற நாடுகளிலும் மருந்தின் பிடி தளர்ந்தது. பண்ணைகள் இப்போது பேனைப் பொறுக்கித் தின்னும் சிறு மீன்களைக் கூண்டில் விடுகின்றன. வெந்நீரில் முக்குவதும் நடக்கிறது.

கடலில் செல்வாக்கு குறைந்த நேரத்தில் மருந்து நிலத்தில் ஏறுமுகம் கண்டது. காப்புரிமைக் காலம் தீர்ந்ததும் சீனத் தொழிற்சாலைகள் பெரிய தொட்டிகளில் அந்த ஜப்பானிய நுண்ணுயிரை வளர்த்து மூலப்பொருளைக் கொட்டிக் குவித்தன. இந்தியாவில் ஆளுக்கொரு பெயர் வைத்துப் பொட்டலம் போட்டார்கள், விலை இறங்கியது. அந்த நேரம் பார்த்து வந்தது இன்னொரு பயணி. அமெரிக்கக் கண்டத்தின் படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் தென்பட்டு, 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் பிடிபட்டு, அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளக் குருத்துக்குள் புகுந்தது. வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைத்த மருந்துகளில் எமாமெக்டினும் ஒன்று. இன்று அதைத் தெரியாத மானாவாரி விவசாயி இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கு இந்த மருந்துக்கு வாகான இடம். ஏனென்றால் இங்கே வயல் ஓய்வதில்லை. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர், லோயர் கேம்ப்பில் மின்சாரம் கொடுத்துவிட்டு இறங்கி, 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. மேட்டு நிலத்தில் காய்கறி, வாழை, திராட்சைப் பந்தல். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, 2023இல் கம்பத்தின் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்களில் பருவத்துக்கு ஒருமுறை வெட்டும் பழத்தை இங்கே ஆண்டு முழுக்க வெட்டுகிறார்கள். சுருளிப்பட்டியில் கவாத்து நடக்கும்போதே பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஏற்றுவார்கள். ஆண்டு முழுக்கப் பழம் என்றால் ஆண்டு முழுக்க இலைப்பேனும் உண்டு, மருந்தும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திராட்சைக்கு ஹெக்டேருக்கு 220 கிராம் பொட்டல மருந்து என்பது பரிந்துரை. மூல மருந்தாக 11 கிராம். ஆயிரம் டன் சால்மன் உள்ள பண்ணைக்கு 7 நாள் தீவனத்தில் போவது 350 கிராம். ஏறத்தாழ 80 ஏக்கர் பந்தலுக்கு ஒருமுறை அடித்தால் ஆயிரம் டன் மீனுக்கான ஒரு சுற்று மருந்து முடிந்துவிடும். காமயகவுண்டன்பட்டிக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவே நடந்தாலே அதற்கு மேல் பந்தலைக் கடக்கலாம். மீன் தீவனம் தண்ணீரிலேயே விழுகிறது, பந்தல் மருந்தில் பெரும்பகுதி இலையில் நின்று வெயிலில் சிதைகிறது. அந்த வேற்றுமை பெரியது, மறுக்கவில்லை. ஆனால் அடித்த மாலையே மழை பிடித்துக்கொண்டால் செம்மண் கரைசல் வாய்க்காலுக்குத்தான் இறங்கும். அங்கிருந்து முல்லையாறு, வைகை, 1959இல் திறந்த வைகை அணை. அந்தத் தண்ணீரை மதுரை குடிக்கிறது.

நம் சட்டம் இதை எங்கே பார்க்கிறது? 1958இல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் கலந்த மாவைத் தின்று 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சரக்கோடு சரக்காக ஏற்றிவந்த மருந்து கசிந்து உணவில் சேர்ந்திருந்தது. அந்தச் சாவுகளின் விளைவாக வந்ததுதான் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம். பிறந்த காரணத்துக்கேற்ப அது டப்பாவையும் லேபிளையும் கடையையும் கிடங்கையும் நன்றாகவே பார்க்கிறது. எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன் என்று கேட்கிறது. விலங்கு என்று அது சொல்வதில் மீனும் அடக்கம் என்று மூன்றாம் பிரிவிலேயே எழுதியிருக்கிறார்கள். பதிவு செய்யும்போது மீனுக்கான நச்சுத்தன்மைத் தரவும் கேட்கிறார்கள். ஆனால் பொட்டலம் கடையை விட்டுப் போன பிறகு, எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்ற கேள்வி அதில் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டமோ ஆலையையும் நகராட்சிச் சாக்கடையையும் அனுமதி வாங்கச் சொல்கிறது. வயலிலிருந்து வழியும் தண்ணீருக்கு அந்த ஏற்பாடு இல்லை. பழைய பூச்சிக்கொல்லிச் சட்டத்தை மாற்ற 2008இலும் 2020இலும் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தன, இரண்டும் சட்டமாகவில்லை.

வாங்குகிறவர் கேட்டால் மட்டும் எல்லாம் நடக்கிறது. 2003இல் இந்தியத் திராட்சையில் மருந்து எச்சம் இருப்பதாக ஐரோப்பா திருப்பி அனுப்பியது. உடனே ஏற்றுமதித் தோட்டங்களுக்குப் பதிவும் எச்சச் சோதனையும் வந்தன. பன்னீர் திராட்சை கப்பல் ஏறுவது குறைவு. கேரளச் சந்தைக்கும் நம் ஊர்த் தள்ளுவண்டிக்கும் போகிறது. குடிநீரின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையில் வரம்பு குறித்த பூச்சிக்கொல்லிப் பட்டியல் இருக்கிறது. டிடிடி, ஆல்ட்ரின், எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், போரேட் என்று முந்தின தலைமுறை மருந்துகள் அதில் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றைத் தடை செய்தாகிவிட்டது. எமாமெக்டின் அதில் இல்லை. நேற்றைய மருந்தைத் தேடிக்கொண்டிருந்தால் இன்றைய மருந்து கண்ணில் படாது.

தண்ணீரில் கலப்பதைக் கண்காணிப்பது முடியாத காரியமும் அல்ல. கடலோரத்தில் இதே தமிழ்நாடு செய்து காட்டியிருக்கிறது. தஞ்சை, நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகளின் உப்புத் தண்ணீரும் இரசாயனக் கழிவும் நெல் வயலையும் குடிநீரையும் கெடுத்தபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும், நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்த கிருஷ்ணம்மாளும் ஊர் மக்களைத் திரட்டி நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. ஆணையத்தின் தலைமையகம் சென்னையில். பதிவு செய்யாமல் பண்ணை வைக்கக் கூடாது, 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணையில் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் குளம் வேண்டும் என்பவை அதன் விதிகள். இறால் பண்ணைக்காரர் எமாமெக்டினைத் தொட மாட்டார் என்பது வேறு. பேனைக் கொல்லும் மருந்து இறாலையும் கொன்றுவிடும்.

அதற்காக இரண்டு ஏக்கர் பந்தல் வைத்திருக்கும் விவசாயி கையில் ஸ்காட்லாந்து உரிமத்தைத் திணிக்கச் சொல்லவில்லை. மருந்துச் செலவில் ஏற்கெனவே தத்தளிப்பவர் அவர். கூண்டு ஒன்று, முதலாளி ஒருவர் என்ற கணக்கு இங்கே பொருந்தாது. ஸ்காட்லாந்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உரிமத்தை அல்ல, சேற்றை அள்ளிப் பார்க்கும் வழக்கத்தை. இந்த மருந்து தண்ணீரில் கரைந்து ஓடுவதைவிட மண்ணோடு ஒட்டிப் போவதே அதிகம். தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதினால் அது அரைச் சோதனைதான். வாய்க்கால் கடைமடையிலும் கண்மாய் அடியிலும் படிந்திருக்கும் வண்டலைப் பார்க்க வேண்டும். அந்த வண்டலைத்தான் கோடையில் அள்ளி மறுபடி வயலுக்கு அடிக்கிறோம். அதில் நண்டும் நத்தையும் மண்புழுவும் வாழ்கின்றன.

செய்ய இடமும் ஆளும் உண்டு. ஆனைமலையன்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எச்சம் பார்க்கும் ஆய்வகம் கோவையில் அதே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தண்ணீருக்குப் பொறுப்பான மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று நாலைந்து மடைகளைத் தேர்ந்து, ஆண்டுக்கு இரண்டு முறை சேறு எடுத்து, கிடைத்த எண்ணை ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டினால் தொடக்கத்துக்குப் போதும். முதல் நெல் போகத்துக்குப் பென்னிகுயிக் அணையைத் திறப்பது வழக்கமாக ஜூன் தொடக்கத்தில். மே கடைசி வாரம் வாய்க்கால் வறண்டு கிடக்கும். மண்வெட்டி ஒன்றும் சுத்தமான உறை சிலவும் இருந்தால் ஒரே நாளில் மாதிரி எடுத்துவிடலாம்.